பாண்டு வாத்தியமும் பேண்டு செட்டும்

பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களில் 'பாண்டு வாத்தியம்' என்று எழுதப்பட்ட தொடரே இன்று பேச்சிலும் கடைப் பலகையிலும் 'பேண்டு வாத்தியம்' என்றும், 'பேண்டு மேளம்' என்றும், வாசிக்கும் ஆட்களைச் சுட்டும்போது 'பேண்டு செட்டு' என்றும் வழங்கிவருகிறது. பாண்டு என்ற ஒலியைக் கேட்டதும், மலைபடுகடாம் கூத்தரின் இசைக்கருவிகளுள் ஒன்றாகக் கூறும் 'பாண்டில்' என்ற கஞ்சதாளத்தின்பால் தமிழ் கற்றோர் மனம் செல்லக்கூடும். ஆயின் பாண்டில் வட்ட வடிவு பற்றி எழுந்த பழந்தமிழ்ச் சொல். பாண்டு, ஆங்கிலேயரின் பட்டாளத்தோடு நம் நாட்டில் வந்திறங்கிய சொல். ஒலி ஒற்றுமைக்கு மேல் இரண்டுக்கும் உறவு இல்லை.

ஆங்கிலத்தில் இச்சொல் ஆதியில் வாத்தியத்தையும் குறிக்கவில்லை, நாதத்தையும் குறிக்கவில்லை. பிரெஞ்சு மொழி வழியாக வந்து, ஒன்றுசேர்ந்து செல்லும் ஆட்களின் கூட்டத்தை, சிறப்பாக ஆயுதந் தாங்கிய கூட்டத்தைக் குறித்து நின்று, பதினேழாம் நூற்றாண்டில்தான் படையையும் அரசவையையும் சார்ந்த வாத்தியக்காரர் குழுவுக்கு ஆகிவந்தது. நம்முடைய மேளம் என்ற சொல்லும் கூடுதல் என்னும் பொருளுடைய வடமொழி மூலத்திலிருந்து பிறந்ததே. நாதசுரக் குழுவைப் பெரிய மேளம் என்றும் நாட்டியக் குழுவைச் சின்ன மேளம் என்றும் நம் முன்னோர் வழங்கியபோது, தோலையும் கட்டையையும் அல்ல, ஆட்களின் சேர்க்கையையே கருதினர். அதற்கும் நெடுங்காலம் முன்பே இத்தகைய சேர்க்கைக்குப் 'பல்லியம்' என்ற அழகிய பெயர் தமிழில் இருந்தது. நெடும்பல்லியத்தனார் என்று ஒரு சங்கப் புலவரின் பெயரிலேயே அது நிலைபெற்றிருக்கிறது. இலங்கையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து எழுந்த அணியிசைக் குழுவொன்று இதன் இனமான 'இன்னியம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, மேனாட்டு பேண்டு நின்ற வரவேற்பு வரிசையில் பறையையும் மத்தளத்தையும் நிறுத்தியிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கும் செய்தி.

பட்டாளத்தின் பொருள் அரண்மனைக்குள் புகுந்தது தஞ்சையில். 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்றவராதலின், மேனாட்டு முறையில் ஒரு பேண்டை அமைத்து, அதற்குரிய இசைப் பிரதிகளையும் விரும்பிச் சேகரித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் முத்துசுவாமி தீக்ஷிதர், இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது கோட்டைப் பேண்டின் மெட்டுகளைக் கேட்டுச் சம்ஸ்கிருத சாகித்தியங்கள் இயற்றினார் என்று சங்கீத உலகம் வழிவழியாகச் சொல்லிவருகிறது. 'நோட்டு ஸ்வரம்' என்று பெயர்பெற்ற அவை சங்கராபரணத்தில் அமைந்தவை. இங்கிலாந்தின் ராஜகீதமும் அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பிகையின் துதியாகிவிட்டது. சின்ன மேளத்துக்குள் கிளாரினெட்டைக் கொணர்ந்தவர் தஞ்சை மகாதேவ நட்டுவனார் என்பர். அரண்மனையிலும் அக்கிரகாரத்திலும் நிகழ்ந்த இந்தப் பரிவர்த்தனையை நம் இசை வரலாறுகள் விரிவாகப் பேசுகின்றன. அதே பேண்டு வாத்தியம் தெருவுக்கு இறங்கிய கதையை அவ்வளவு விரிவாகப் பேசுவதில்லை.

தெருவுக்கு இறங்கியதற்கு ஒரு யந்திரக் காரணம் உண்டு. 1818-இல் பிரஷ்ய நாட்டில் வால்வுக்குக் காப்புரிமை பெறப்பட்ட பின்னர், அதுவரை சில சுரங்களுக்கு மேல் எழுப்ப இயலாதிருந்த பித்தளைக் குழல், மூன்றே விரல்களின் இயக்கத்தால் எல்லாச் சுரங்களையும் தருவதாயிற்று. பகலெல்லாம் சுரங்கத்திலும் நெசவாலையிலும் உழைத்த கையும் இரவில் அதனைப் பழக முடிந்தது. இவ்வாறு வட இங்கிலாந்தின் தொழிலாளர் ஊர்களில் ஊருக்கு ஒரு பேண்டு எழுந்தது. 1878-இல் சால்ஸ்பரி நகரில் ஒரு தந்தையும் மூன்று புதல்வரும் தெருப் பிரசங்கத்துக்குத் துணையாக வாசித்ததிலிருந்து இரட்சணிய சேனை என்ற கிறித்தவ சபை பேண்டைத் தன் உறுப்பாக ஏற்றது. 1882-இல் அச்சேனை இந்தியாவுக்கு வந்து, பின்னர் நாகர்கோவில் வட்டாரத்தில் வேரூன்றியபோது, கூலி பெறாமல் சபைக்காக வாசிக்கும் பேண்டு என்ற வழக்கமும் உடன் வந்தது.

கல்யாண பேண்டு வேறு வழியில் வளர்ந்தது. அதன் கருவிகள் பெரும்பாலும் மீரட்டிலிருந்து வருபவை. நாதிர் அலியின் கம்பெனி 1885-இல் அங்கே தோன்றியது. ஊர்வலத்தில் பறையடித்த குடும்பங்களின் பிள்ளைகளே பல ஊர்களில் டிரம்பெட்டையும் யூபோனியத்தையும் கைக்கொண்டனர். சரிகைப் பட்டையும் பித்தளைப் பொத்தானும் வைத்த சட்டையை அணிந்தபோது, மேலாடை அணிந்து நடக்கவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த தெருக்களில் அவர்கள் அணிவகுத்துச் சென்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. இவர்களுடைய வித்தை பெரும்பாலும் கேள்வி ஞானம். மாப்பிள்ளை அழைப்பில் அருகே நின்று கவனித்தால், டிரம்பெட்காரர் சினிமாப் பாட்டின் ஒரு கமகத்துக்காகப் பிஸ்டனைப் பாதியளவே அமுக்கி, உதட்டை நெகிழ்த்தி, மேனாட்டுக் கருவி தர விரும்பாத வளைவை அதனிடமிருந்து வாங்குவதையும், பல்லவி திரும்புவதற்குள் அடிக்குழாயின் சிறு மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த நீரைத் தரையில் சிந்தவிட்டு அடுத்த அடிக்கு ஆயத்தமாவதையும் காணலாம்.

இன்று செண்டை மேளமும் ஒலிபெருக்கியும் முகூர்த்த நாட்களில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டன. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இல்லை. ஆலயத் தேர்ப்பவனியும் இழவு வீடுமே பல செட்டுகளுக்கு அந்நாட்களில் கஞ்சி வார்க்கின்றன. பேண்டு என்ற சொல் தன் பிறப்பிடத்தில் ஆட்களைக் குறித்தது. நம்மிடம் வந்து வாத்தியத்தின் பெயரானது. 'செட்டு' என்ற இன்னொரு இரவல் சொல்லைச் சேர்த்துப் பொதுஜனங்களே அதனை மீண்டும் ஆட்களின் பெயராக்கினர். இது மக்கள் வழக்கு செய்த நியாயம். கல்யாணப் பத்திரிகையில் நாதசுர வித்துவானின் பெயரை ஊரோடு அச்சிடும் நாம், இக்கூட்டத்தை 'பேண்டு வாத்தியம்' என்ற அளவோடு நிறுத்திவிடுகிறோம். செட்டை நடத்துபவரின் பெயரையும் அதற்கடுத்த வரியில் சேர்ப்பதற்குப் பத்திரிகையில் இடமில்லாமற் போகாது.