ஓர் இறாத்தல் தேயிலையின் விலை

நமது சங்கத்து இளைஞர்கள் ஒருநாள் மாலை ஒரு விவாதம் நடத்தினோம். மக்களுக்கு நன்மை செய்வன சிறு கடைகளா, கிளைகள் பல கொண்ட பெருங்கடைகளா என்பது பொருள். பெருங்கடைகளின் பக்கம் நின்ற நான், பருப்பு, சீனி, சவர்க்காரம் முதலியவற்றின் விலைகளை இரண்டு இடங்களிலும் விசாரித்து எழுதிவந்து சபையில் வாசித்தேன். வெற்றி எங்கள் பக்கத்துக்கே கிடைத்தது. கூட்டம் கலைந்தபின், நெடுங்காலமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீ சொன்ன விலையெல்லாம் சரிதான். அவர்கள் வாங்குகிற விலைக்கு எனக்கு யார் தருகிறார்கள்? அதையும் எழுதிக்கொண்டு வந்திருக்கலாமே” என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அவருக்குரிய விடையைத் தேடிப் புறப்பட்ட நான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கிளாஸ்கோ நகரத்துக் கடைத்தெருவிற் போய் நின்றேன். அங்கிருந்து அவ்வழி என்னை நேரே நமது ஊவா மலைகளுக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டது. இக்கட்டுரை அந்தப் பயணத்தின் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவின் பலசரக்குக் கடைக்காரர் வெறும் விற்பனையாளர் அல்லர், தொழில் தெரிந்தவர். தேயிலை அவரிடம் பெட்டி பெட்டியாக வரும். எந்த இலையோடு எந்த இலையைக் கலந்தால் அவ்வூர்த் தண்ணீருக்கு ஏற்ற சாயமும் சுவையும் உண்டாகும் என்பது அவருக்கே தெரியும். கலந்து, நிறுத்து, கடதாசியிற் சுற்றிக் கொடுப்பார். காசில்லாத வாரத்திற் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ஆலை மூடப்பட்டாலும், தொழிலாளி நோயுற்றாலும், அவன் குடும்பம் பட்டினி கிடவாமற் காத்தது பெரும்பாலும் அந்தப் புத்தகமே. நமது கடைகளின் ‘கடன் கொப்பி’யை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்த உபகாரத்துக்கும் ஒரு விலை இருந்தது. திரும்பி வராத கடனின் நட்டம் மற்றெல்லாருடைய சீனியிலும் தேயிலையிலும் ஏறிற்று. கடனுக்கு வாங்குகிறவன் விலை பேசவும் முடியாது; வேறு கடைக்குப் போகவும் முடியாது.

அப்படிப்பட்ட ஒரு சிறு கடையிலேதான் தோமஸ் லிப்டன் வளர்ந்தார். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் கிளாஸ்கோவுக்கு வந்த அவருடைய பெற்றோர் அந்நகரில் வெண்ணெயும் முட்டையும் பன்றியிறைச்சியும் விற்றனர். வாலிபத்தில் அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே தோட்டங்களிலும் பின்னர் நியூயோர்க்கில் ஒரு பெருங்கடையிலும் வேலை செய்து திரும்பிய லிப்டன், 1871 ஆம் ஆண்டில் தம் சொந்தக் கடையைத் திறந்தார். நான் படித்த மிஷன் பாடசாலையில் இவரை முயற்சிக்கு உதாரண புருஷராகவே காட்டுவார்கள். அது பிழையன்று, முழுமையுமன்று.

அவர் செய்தது என்ன? இடைநின்ற தரகரை விலக்கி, அயர்லாந்துக் கமக்காரரிடம் நேரே ரொக்கக் காசுக்கு வாங்கினார்; ரொக்கக் காசுக்கே விற்றார். ஒரு கடையின் இலாபம் மறு கடையாயிற்று. 1880களின் முடிவில் நாடெங்கும் அவருக்குக் கடைகள் இருந்தன. நூறு கடைக்கு ஒருவராய் நின்று வாங்குகிறவருக்கு விற்பவன் விலையைக் குறைக்காமல் என்ன செய்வான்? நமது முதலாளி கேட்ட கேள்விக்கு முதற்பாதி விடை இதுதான்: விலை தீர்மானிக்கப்படுவது தராசு வைத்த மேசையில் அன்று, அதற்கு வெகு முன்னதாக, வாங்கும் இடத்தில்.

லிப்டனின் விளம்பரங்களோ வேடிக்கையானவை. 1881 ஆம் ஆண்டு நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பிரமாண்டமான பாற்கட்டியைத் தருவித்து, அதனுள்ளே பொற்காசுகளைச் செருகி வெட்டி விற்றார். பவுண் நோட்டைப் போலவே கடதாசி அச்சிட்டு, வேறிடத்தில் 1 பவுணுக்கு விற்கும் பொருளைத் தம் கடையில் 15 சிலிங்குக்குத் தருவதாக அதில் வாக்குக் கொடுத்தார். (அதை உண்மை நோட்டென்று எண்ணி ஏமாந்தவர்களும் உண்டு.) பவுணுக்கு 20 சிலிங் ஆகையால், காற்பங்கு குறைவு. பக்கத்துத் தெருச் சிறுகடைக்காரர் இந்தக் கடதாசியைப் பார்த்தபோது அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

எனினும் அவருக்காக இரங்குகிற நாம் வாங்கியவர்களையும் மறக்கலாகாது. ஆலைத் தொழிலாளியின் மனைவி ஒருத்தி, முன்பு வாரத்துக்கு ஒருமுறை கண்ட வெண்ணெயை இருமுறை கண்டாள் என்றால், அது சிறிய காரியமன்று. பெருங்கடை பொய் சொல்லி மக்களை இழுத்தது என்று சொல்வதற்கு வரலாறு இடந்தரவில்லை. விலை மெய்யாகவே குறைந்திருந்தது. யாருடைய செலவில் என்பதே கேள்வி.

இனித் தேயிலைக்கு வருவோம். 1889 ஆம் ஆண்டில் லிப்டன் தேயிலை வியாபாரத்தில் இறங்கினார். ஏறக்குறைய 3 சிலிங்குக்கு விற்கப்பட்ட இறாத்தலை 1 சிலிங் 7 பென்சுக்குத் தருவதாக அறிவித்தார். சிலிங்குக்கு 12 பென்ஸ். ஆகவே 36 பென்ஸ் விலை 19 பென்சாக இறங்கிற்று. இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என அளவு குறித்த பொதிகளில் அடைத்தமையால், வாங்குபவர் நிறையைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்த ஊரின் தண்ணீருக்கு ஏற்ற கலவை என்றும் பொதியின்மேல் எழுதினார். சிறுகடைக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தாற் பெற்ற வித்தை முழுவதும் ஒரு காகிதப் பொதிக்குள் அடங்கிவிட்டது. விலையில் தோற்றதைவிட இதுவே அவருக்குப் பெரிய தோல்வி என்று எனக்குத் தோன்றுகின்றது. கலக்கத் தெரிந்தவர், பொதியை எடுத்துக் கொடுப்பவரானார்.

அந்த விலை வீழ்ச்சி முழுவதையும் லிப்டனின் சாமர்த்தியமாகவே கொள்ளுதலும் தவறு. 1890 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு தேயிலைத் தீர்வையை இறாத்தலுக்கு 6 பென்சிலிருந்து 4 பென்சாகக் குறைத்தது. அன்றியும் தேயிலையே மலிந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம் நமது மலைகள்.

1869 ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றிற்று. ஏறக்குறைய இருபது ஆண்டுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1873 இல் வெறும் 23 இறாத்தல் ஏற்றுமதி செய்த இத்தீவு, 1890 இல் 4 கோடி இறாத்தலுக்கு மேல் அனுப்பிற்று. கோப்பியால் நொடித்தவர்களின் நிலம் மலிவாய்க் கிடந்தது. அவுஸ்திரேலியாவுக்கு உல்லாசப் பயணம் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு 1890 இல் கப்பலேறிய லிப்டன், கொழும்பில் இறங்கி, அப்புத்தளைப் பகுதியில் தம்பேதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவருடைய விளம்பர வாசகமாயிற்று. உண்மையில் அவர் கடைகளில் விற்ற தேயிலையிற் சிறு பங்கே அவருடைய சொந்தத் தோட்டங்களில் விளைந்தது. மிகுதி ஏலத்தில் வாங்கப்பட்டது. ஆயினும் அந்த வாசகம் நிலைத்தது. அதனோடு கூடையேந்திய நம் தமிழ்ப் பெண்ணின் படமும் பிரித்தானிய வீடுகளுக்குச் சென்றது.

படத்திலுள்ள பெண்ணின் கதை பொதியில் இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சமும், அதற்கு முன்னும் பின்னும் இருந்த வறுமையும் அவளுடைய முன்னோரைக் கடல் கடத்தின. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களில் வழியிலேயே மாண்டவர் எத்தனையோ பேர். வந்து சேர்ந்தவர் கடனோடு வந்து சேர்ந்தனர். கங்காணி கொடுத்த முன்பணம் அவர் கழுத்திற் கிடந்தது. அக்கடனை ஒரு கடதாசியில் எழுதி, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு ஆட்களையே கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921 ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிந்தது. 1927 ஆம் ஆண்டிலேதான் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் பிறந்தது. அதாவது, கிளாஸ்கோவில் இறாத்தல் விலை 19 பென்சாக இறங்கிய காலத்தில், அந்த இலையைக் கிள்ளியவளுக்கு இதற்குக் கீழே கூலி இறங்கலாகாது என்று சொல்ல ஒரு சட்டமும் இருக்கவில்லை.

அவள் வாங்கும் அரிசியின் விலையும் அப்படித்தான். தோட்டமே அரிசி கொடுத்தது. விலையைத் தோட்டமே குறித்தது. சம்பளத்திலிருந்து தோட்டமே பிடித்துக்கொண்டது. சில பெரிய கங்காணிமார் தாமே கடையும் வைத்திருந்தனர். இந்த வழக்கம் நீண்டகாலம் நிலைத்தது. என் பாட்டி தம் இளமைக் காலத்துச் சம்பள நாளைப் பற்றிச் சொல்லும்போது, தமக்கு எத்தனை பேர் விழுந்தது என்று முதலில் சொல்லுவார்; அரைப்பேர் போட்ட நாள்களைச் சொல்லுவார்; பிறகு அரிசிக்கும் மாவுக்கும் பிடித்ததைச் சொல்லுவார்; கையில் வந்ததைச் சொல்லும்போது மட்டும் சிரித்துவிடுவார். எந்தக் கடையில் மலிவு என்ற பேச்சு அவருடைய கதையில் ஒருமுறையேனும் வந்ததில்லை. கடைகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதால் விலை குறைகின்றது என்று நான் அன்று சபையில் முழங்கினேன். அந்தப் போட்டியால் நன்மை பெற வேண்டுமாயின், ஒரு கடையை விட்டு மறு கடைக்கு நடக்கும் உரிமையாவது வேண்டும். கிளாஸ்கோப் பெண்ணுக்கு அது இருந்தது. லயத்துப் பெண்ணுக்கு இல்லை.

பெருமுதலாளியின் கடைக்குப் பதிலாக மக்களின் கடை இருந்திருந்தால் நிலைமை வேறாயிருக்குமன்றோ என்று வாசகர் கேட்கலாம். அப்படி ஒரு கடையும் இருந்தது. 1844 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரொச்டேல் என்னும் ஊரிலே, நெசவாளரும் பிற தொழிலாளருமாகச் சிலர் காசு சேர்த்து ஒரு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சீனி, மெழுகுதிரி: அவ்வளவே தொடக்கச் சரக்கு. இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டனர். அந்த விதையிலிருந்து முளைத்த கூட்டுறவு இயக்கம் நமது இலங்கைக்கும் வந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பிரித்தானியக் கூட்டுறவாளரும் இலங்கையிலே தேயிலைத் தோட்டம் வாங்கினர். கொழுந்து பறித்தவர்களோ அந்தச் சங்கத்தின் அங்கத்தவர் அல்லர். இதை வாசித்தபோது எனக்கு உண்டான ஏமாற்றம் லிப்டனின் வரலாற்றில் உண்டாகவில்லை.

சிறுகடைக்காரர் சும்மா இருந்துவிடவில்லை. 1896 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருந்துக் கடைக்காரர் ஒரு சங்கம் அமைத்து, உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் கீழே எவரும் விற்கலாகாது என்று போராடினர். 1900 ஆம் ஆண்டில் புத்தக வியாபாரிகளும் அவ்வாறே உடன்படிக்கை செய்தனர். பின்னர் பற்பசை முதல் மிட்டாய் வரை இம்முறை பரவிற்று. பெரிய கடையிலும் மூலைக் கடையிலும் ஒரே விலை. சிறுகடைக்கு இது ஒரு குடை. வாங்குபவருக்கு ஒரு சுமை. 1964 ஆம் ஆண்டில் எட்வர்ட் ஹீத் என்ற அமைச்சர் கொண்டுவந்த சட்டம் இக்குடையைப் பறித்தது. அவருடைய சொந்தக் கட்சியினரே எதிர்த்தனர். மருந்துகளுக்கு விலக்களிக்கும் திருத்தம் ஒரே வாக்கினால் தோற்றதென்றால் எதிர்ப்பின் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம். அதன்பின் பெருங்கடைகளுக்குத் தடையில்லை. சிறுகடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன.

லிப்டனின் கடைகளும் தப்பவில்லை. அவர் 1931 இல் இறந்தார். கடைகள் பல கை மாறின. 1980களில் அப்பெயர் பிரித்தானியக் கடைத்தெருவிலிருந்து மறைந்தது. சிறுகடைகளை விழுங்கியதைத் தம்மிலும் பெரியவை விழுங்கின. பெயர் இன்று தேயிலைப் பொதியில் மட்டுமே வாழ்கின்றது.

மூடப்படாமல் எஞ்சிய மூலைக் கடைகளில் இன்று யார் இருக்கிறார்கள்? இந்தியரும் பாகிஸ்தானியரும், 1983 ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிருந்து அகதிகளாய்ச் சென்ற நம்மவரும் பலர். விடியற்காலையிலே திறந்து நள்ளிரவு வரை குடும்பத்தோடு நின்று கடை நடத்துகின்றனர். பெருங்கடை வாங்கும் விலைக்கு எனக்கு யார் தருவார் என்ற கேள்விக்கு அவர்களிற் பலர் கண்ட விடை, சேர்ந்து வாங்குதல். 1932 ஆம் ஆண்டில் நெதர்லாந்து தேசத்தில் தொடங்கிய ‘ஸ்பார்’ என்னும் அமைப்பைப் போன்றவற்றில் சேர்ந்த கடைக்காரர்கள், கடையைத் தம் சொந்தத்தில் வைத்துக்கொண்டே, சரக்கை மட்டும் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக நின்று கொள்முதல் செய்கின்றனர்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு அந்த முதலாளியிடம் சென்றேன். கடையில் ஆளில்லாத மத்தியான நேரம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாய்க் கேட்டார். தேயிலைக் கதை முடிந்ததும், தம் தகப்பனாரும் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தே இந்தக் கடையைப் போட்டதாகச் சொன்னார். அது எனக்குப் புதிய செய்தி. சேர்ந்து வாங்குவதைப் பற்றிச் சொன்னபோது, 1970களிற் கூட்டுறவுக் கடை வாசலில் வரிசையில் நின்ற காலத்தை நினைத்தாரோ என்னவோ, சற்று நேரம் பேசவில்லை.

“இந்தத் தெருவிலே எட்டுக் கடை இருக்கிறது தம்பி. சேர்ந்து வாங்கலாம். முதல் லொறிக்கு யார் காசு போடுவது?” என்று கேட்டுவிட்டு, உள்ளே வந்த ஒரு பிள்ளைக்குக் கால் கிலோ சீனி நிறுக்க எழுந்தார்.