கதை தந்த பெண்கள், திரைக்கதை எழுதிய ஆண்கள்

1936இல் வெளிவந்த ‘மிஸ் கமலா’ படத்தின் கதை, தயாரிப்பு, இயக்கம், முதன்மை வேடம் எல்லாமே டி.பி. ராஜலட்சுமியுடையவை. தாம் எழுதிய ‘கமலவல்லி’ நாவலைத்தான் அவர் படமாக்கினார். திருவையாற்றில் பிறந்து, குழந்தை மணத்தின் கொடுமையிலிருந்து மீண்டு, நாடக மேடையில் ஆளானவர் அவர். 1931 அக்டோபர் 31 அன்று திரைக்கு வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகியும் அவரே.

ஆக, தமிழ் சினிமா பேசத் தொடங்கிய ஐந்தே ஆண்டுகளில் ஒரு பெண் தன் கதையைத் தானே திரைக்கதையாக்கி இயக்கிவிட்டார். அந்தத் தொடக்கம் ஒரு மரபாக வளரவில்லை. அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டில், பெண்கள் எழுதிய கதைகளைத் தமிழ் சினிமா விரும்பி வாங்கியது. அவற்றைத் திரைக்கதையாக்கும் வேலையை மட்டும் ஆண்களிடமே கொடுத்தது.

இதற்கான காரணம், எழுத்தாளர்கள் சினிமாவுக்கு வந்த வழிகளில் இருக்கிறது. முதல் வழி பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழு. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் அமைத்த பால சபை தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம் குழுக்கள் வரை அங்கே பயின்றவர்கள் சிறுவர்களே. பெண் வேடத்தையும் அவர்களே கட்டினார்கள். பின்னாளில் கதை, வசனம், இயக்கம் எனப் புகழ்பெற்ற ஏ.பி. நாகராஜன் டி.கே.எஸ். குழுவில் பெண் வேடமிட்டு நடித்தவர். பெண்ணாக நடிக்கவும் பெண்ணுக்கு வசனம் எழுதவும் ஆண்கள் பழகிய அந்தப் பட்டறையில் பெண்ணுக்கு இடமில்லை.

இரண்டாவது வழி ஸ்டுடியோக்களின் கதை இலாகா. ஜெமினியின் ‘சந்திரலேகா’வுக்கு (1948) உழைத்த கதை இலாகாவில் கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன் போன்றவர்கள் இருந்தார்கள்; அது முழுக்க ஆண்களின் அறை. மூன்றாவது வழி அரசியல் மேடை. அண்ணாவின் ‘வேலைக்காரி’யும் (1949) கருணாநிதியின் ‘பராசக்தி’யும் (1952) வசனகர்த்தாவின் பெயரைக் கேட்டே மக்கள் கொட்டகைக்கு வரும் காலத்தை உருவாக்கின. அந்த மேடையிலிருந்தும் ஒரு பெண் வசனகர்த்தா திரைக்கு வரவில்லை.

பெண்கள் எழுதாமல் இருந்துவிடவில்லை. அவர்களுக்குப் பத்திரிகை இருந்தது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவருடைய ‘அநாதைப் பெண்’ 1938இல் படமாயிற்று. ‘தயாநிதி’ நாவல், அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘சித்தி’ ஆனது. எழுத்தாளர் லட்சுமியின் ‘பெண் மனம்’, கருணாநிதியின் வசனத்தோடு 1963இல் ‘இருவர் உள்ளம்’ என்ற பெயரில் திரைக்கு வந்தது. சிவசங்கரியின் ‘47 நாட்கள்’ கதையை கே. பாலசந்தரும், ‘நண்டு’ கதையை மகேந்திரனும் 1981இல் படமாக்கினார்கள்.

இவற்றுள் அனுராதா ரமணனின் ‘சிறை’ தனித்துச் சொல்ல வேண்டியது. ஒரு பிராமணப் பெண் வன்புணர்வுக்கு ஆளாகிறாள்; கணவன் அவளைக் கைவிட்டு ஓடுகிறான். போக்கிடமின்றி, தன்னைச் சிதைத்தவனின் வீட்டிலேயே அவள் தங்குகிறாள். அவன் இறந்த பிறகு கணவன் எதிரே வந்து நிற்கும்போது, அவனை ஏற்க மறுத்து, இறந்தவனின் விதவையாக வாழ முடிவெடுக்கிறாள். இன்று படித்தாலும் வாதத்தைக் கிளப்பும் முடிவு. 1984இல் ஆர்.சி. சக்தி இயக்கி, நடிகை லட்சுமி நடித்த அந்தப் படம் பேசப்பட்டதற்கு அந்தக் கதைத் துணிவே முதல் காரணம். அப்படிப்பட்ட கதையை யோசிக்கத் தெரிந்தவருக்கு அதைக் காட்சிகளாகப் பிரிக்கவும் தெரிந்திருக்கும். ஆனால் எழுத்தாளரிடம் கதையை வாங்கி இயக்குநரே திரைக்கதை எழுதுவது அப்போதைய தொழில் வழக்கம். எழுத்தாளர் ஜெயகாந்தனைப் போலத் தாமே படம் இயக்கும் வாய்ப்பு இந்தப் பெண் எழுத்தாளர்களில் எவருக்கும் அமையவில்லை.

இயக்குநர் நாற்காலியில் அமர்ந்த பெண்கள் பெரும்பாலும் நட்சத்திரங்கள். பி. பானுமதி ‘சண்டிராணி’யை (1953) தம் குடும்ப நிறுவனமான பரணி பிக்சர்ஸிலேயே மூன்று மொழிகளில் இயக்கினார். சாவித்திரி 1968இல் ‘சின்னாரி பாப்பலு’ என்ற தெலுங்குப் படத்தை பி. லீலாவின் இசையோடு, பெண்களே முக்கியப் பொறுப்பேற்ற குழுவை வைத்து எடுத்தார். தமிழில் ‘குழந்தை உள்ளம்’ (1969), ‘பிராப்தம்’ (1971) படங்களையும் இயக்கினார். புகழும் கைப்பணமும் இருந்தவர்களுக்கே அந்தக் கதவு திறந்தது. படம் தோற்றால் இழப்பும் அவர்களுடையதே.

ஸ்டுடியோக்கள் தளர்ந்தபின் உதவி இயக்குநர் முறை ஓங்கியது. கதை ‘டிஸ்கஷன்’ கோடம்பாக்கம், வடபழனி, தி.நகர் லாட்ஜ் அறைகளுக்குப் போனது. வாரக்கணக்கில் இரவு பகலாக, கூலி நிச்சயமில்லாமல், அந்த அறையிலேயே உண்டு உறங்கிப் பழகியவனே திரைக்கதை கற்றான். வீட்டுக்கு நேரத்துக்குத் திரும்ப வேண்டிய பெண்ணுக்கு, தடை எதுவும் எழுதப்படாமலேயே அந்தப் பள்ளி மூடிக்கிடந்தது.

உடைப்பு மெதுவாக வந்தது. 1985இல் ‘சின்னவீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார் பி.ஆர். விஜயலட்சுமி. 1995இல் சுஹாசினியின் ‘இந்திரா’ வந்தது. ரேவதி 2002இல் இயக்கிய ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ ஆங்கிலப் படத்தின் திரைக்கதையில் பங்கேற்ற சுதா கொங்கரா, பிறகு மணிரத்னத்திடம் உதவி இயக்குநராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அவரும் ஷாலினி உஷா நாயரும் எழுதிய ‘சூரரைப் போற்று’, 2020ஆம் ஆண்டின் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதைப் பெற்றது. காயத்ரி, புஷ்கருடன் சேர்ந்து ‘விக்ரம் வேதா’வை (2017) எழுதி இயக்கினார், ஹலிதா ஷமீம் ‘சில்லுக் கருப்பட்டி’யை (2019) எழுதி இயக்கினார்.

இவர்களில் சிலர் உதவி இயக்குநராக இருந்து தொழில் கற்றவர்கள். அந்தப் பயிற்சிக் காலத்துக்கு ஒழுங்கான சம்பளம், பாதுகாப்பாக வேலை செய்யக்கூடிய இடம், டிஸ்கஷனில் சொன்ன காட்சிக்கு டைட்டிலில் பெயர் என்ற மூன்றையும் தயாரிப்பு நிறுவனங்கள் எழுத்திலேயே உறுதிசெய்ய வேண்டும். இன்றைய பெண் எழுத்தாளர்களிடம் நாவல் உரிமை கேட்டுப் போகும் தயாரிப்பாளர்கள், திரைக்கதையையும் எழுதித்தரச் சொல்லி அதே ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.