திரைப்படமும் அரசியற் கொள்கையும்

மேடைப் பேச்சைக் கேளாதாரும் திரைப்படம் பார்ப்பர். இவ்வுண்மையைத் திராவிட முன்னேற்றக் கழகத்தார் நன்குணர்ந்திருந்தனர். 1949இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' படமாக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கழகமும் தோன்றியது. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'க்கு மு. கருணாநிதி வசனம் தீட்டினார்.

அப்படம் கொள்கையைத் துயரக் கதையோடு பிணைத்துக் கூறியது. இரண்டாம் உலகப் போரில் இரங்கூனிற் குண்டு விழுகின்றது; அங்கிருந்த தமிழர் அகதிகளாகின்றனர். தமிழகத்திலோ, அண்ணன்மாரை எதிர்பார்த்திருந்த தங்கை கணவனை இழந்து, பசியாலும் கயவராலும் அலைக்கழிக்கப்படுகின்றாள். பார்ப்போர் நெஞ்சம் உருகிய பின்னரே, நீதிமன்றத்தில் அண்ணன் குணசேகரன் வாய் திறக்கின்றான். சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றான். துயரம் நிலத்தைப் பண்படுத்தியது, வசனம் விதைத்தது. 1967இல் கழகம் ஆட்சியேறியமைக்கு இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் அரிசித் தட்டுப்பாடும் காரணங்களாயினும், திரை தூவிய விதையும் அவ்விளைச்சலில் உண்டு.

2009இல் ஊரிழந்து முகாம்களில் வாழ்ந்த வன்னி மக்களாகிய எமக்கு அகதியின் கதை அயலார் கதையன்று. ஆகவே திரை எம்மை எளிதில் ஆட்கொள்ளும். அங்கு காட்டப்படும் துயரம் மெய்யாயிருக்கலாம். அதற்குக் கூறப்படும் மருந்தும் மெய்தானா? கண்ணீரைத் துடைத்த பின், இவ்வினாவை நாம் தனியே எழுப்புதல் வேண்டும்.