மேடையே பள்ளியான மங்கை

“கூத்தாடி” என்னும் சொல்லை நம்மவர் வசைச்சொல்லாக்கி வெகு காலமாயிற்று. ஆண் நடித்தால் இகழ்ச்சி; பெண் நடித்தாலோ குலத்துக்கே பழி. அவ்விகழ்ச்சியையே படியாக்கி மேலேறிய ஒரு மங்கையின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன். அவரே தமிழ்ப் பேசும்படத்தின் முதற் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி.

1911-இல் திருவையாற்றில் பிறந்தவர். பொம்மை வைத்து விளையாடும் பருவத்தில் அவருக்கு மணம் முடித்தனர். அம்மணம் நிலைக்கவில்லை, தந்தையும் மறைந்தார். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல் தான் பிறந்தது. அச்சட்டத்துக்கு முன்னரே வாழ்விழந்த சிறுமிக்கு எந்தப் பள்ளி கதவு திறக்கும்? தாயுடன் திருச்சிக்குச் சென்று சாமண்ணாவின் நாடகக் குழுவிற் சேர்ந்தார்.

நிற்க. அக்காலத்து மேடையின் நிலை யாது? ஷேக்ஸ்பியர் நாளில் பெண் வேடத்தைச் சிறுவரே புனைந்தனர் என்றும், 1660-க்குப் பின்னரே இங்கிலாந்தின் பொதுமேடையிற் பெண்டிர் ஏறினர் என்றும் யான் ஆங்கிலப் பள்ளியில் மனனம் செய்ததுண்டு. நம் நாட்டு பாய்ஸ் கம்பெனிகளிலும் பெண் வேடம் சிறுவர்க்கே. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்ட குழுவை நடத்தி, ஆண் வேடங்களையும் அவர்களுக்கே பயிற்றினார் என்பதை எப்பள்ளியும் எனக்குச் சொல்லவில்லை.

நாடக வாத்தியார் கற்பித்தது நடிப்பு மட்டுமன்று. பாட்டு, இராகம், செய்யுள், தர்க்கம், விடியும்வரை சபையைக் கட்டியாளும் திறம் யாவும் அங்கே பாடம். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது; எதிரே நிற்பவர் தொடுக்கும் வினாவுக்கு அப்போதே விடை சொல்லல் வேண்டும். இத்தகைய கல்வி எந்தக் கல்லூரிக்குக் குறைந்தது?

அக்கல்வியின் பயனை 1931-இல் நாடு கண்டது. தென்னாட்டில் ஒலிப்பட நிலையம் இல்லாமையால், “காளிதாஸ்” பம்பாயில் இம்பீரியல் கம்பெனியாரால் எடுக்கப்பெற்றது. நாயகன் தெலுங்கிற் பேச, ராஜலட்சுமி தமிழிற் பேசினார். அவ்வாண்டு அக்டோபர் 31-இல் அப்படம் வெளிவந்தது. ஐந்தாண்டு கழித்து, 1936-இல், தாம் எழுதிய “கமலவல்லி” நாவலை “மிஸ் கமலா” என்ற பெயரில் தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே நடித்தார். தென்னாட்டின் முதற் பெண் இயக்குநர் என்ற பெயர் அதனால் வந்தது. இந்தியாவிலே அவருக்கு முன் அத்தொழிலிற் புகுந்தவர், 1926-இல் ஊமைப்படம் இயக்கிய பாத்மா பேகம். பிற்காலத்தில் ராஜலட்சுமிக்கு வாய்ப்புகள் குன்றின, 1964-இல் மறைந்தார். “காளிதாஸ்” படச்சுருளும் இன்று கிடைப்பதில்லை.

இவ்வரலாறு நமக்கெதற்கு என்பீர்கள். சுங்கை பாக்காப் அருகில் ஒரு தோட்டத்தில் யான் கிராணி. சென்ற ஆண்டுத் திருவிழா நாடகத்துக்கு ஒரு சிறுமி வள்ளியாக ஒரு மாதம் பயின்றாள். அவள் பாடினால் ஆலயத்து முற்றமே அடங்கிவிடும். அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் முன்னர் அவளுடைய தாய்மாமன் வந்தார். “கிராணி ஐயா, பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள், இனி மேடை எதற்கு?” என்றார். யான் வாளாவிருந்தேன். வேடம் ஒரு பையனுக்குப் போயிற்று. அவளோ திரைக்குப் பின்னே நின்று அவனுக்கு அடியெடுத்துக் கொடுத்தாள்.

அன்று சொல்லாத விடையை இன்று சொல்லுகின்றேன். மேடை பெண்ணைக் கெடுப்பதன்று. வேறு பள்ளி கிட்டாத ஒரு பெண்ணுக்கு எழுத்தும் தொழிலும் தலைமையும் தந்தது அதுவே. திரைக்குப் பின்னே நிற்கும் நம் பெண்களை முன்னே அழைத்தல் நம் கடன். அடுத்த திருவிழாவுக்கு வேடம் வகுப்பதற்கு முன், அந்தத் தாய்மாமன் வீட்டுக்கு முதலில் யான் போவேன். நீவிரும் உம் தோட்டத்தில் அவ்வாறே செய்வீராக!