தபாலில் ஓர் உத்தியோகம்

செங்கற்பட்டில் வீட்டிலேயே கணிப்பொறியின் முன் அமர்ந்து, கடல் கடந்த முதலாளிக்குக் கடிதம் எழுதிக் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். நடுவே ஆள் அமர்த்தித் தரும் ஏஜென்ஸி ஒன்று. முதலாளியின் முகத்தை நேரில் கண்டிருக்கமாட்டார்கள். இது முற்றிலும் புதுமை என்கிறார்கள் நண்பர்கள். எனக்கோ காவலி லட்சுமய்யாவின் நினைவு வருகிறது.

ஸ்காட்லாந்துக்காரரான காலின் மெக்கன்ஸி 1783-ல் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து இங்கே வந்தார். பழஞ்சரித்திரத்தில் தீராத மோகம். ஆனால் நம் பாஷைகள் தெரியாது! அவரே அதை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு நாவும் செவியுமாக வாய்த்தவர்கள் ஏலூர்க் காவலி சகோதரர்கள். துரை ஓரிடத்தில் நில அளவையில் இருப்பார். அவருடைய ஆட்கள் எங்கெங்கோ திரிந்து கல்வெட்டைப் பார்த்தெழுதுவார்கள், ஏடுகளைத் தேடுவார்கள், அறிக்கை அனுப்புவார்கள். கேட்டவுடன் ஊரார் கொடுத்துவிடுவார்களா? வரியைக் கூட்டத்தான் வந்திருக்கிறான் என்று சந்தேகப்படுவார்கள். அதைப் பேசித் தீர்க்கும் சாமர்த்தியத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம். செலவில் பெரும்பகுதி துரையின் சொந்தப் பணம்.

அண்ணன் போரய்யா 1803-ல் இளவயதிலேயே காலமானார். அதே ஆண்டில் லட்சுமய்யா மாமல்லபுரத்தைப் பற்றித் தெலுங்கில் ஒரு வர்ணனை எழுதினார். 66 வருஷம் கழித்து, 1869-ல், காப்டன் கார் சென்னையில் தொகுத்த நூலில் அது அச்சேறியது. சேம்பர்ஸ், கோல்டிங்ஹாம், பாபிங்டன் ஆகிய துரைகளின் கட்டுரைகளோடு அதுவும் ஒரே பந்தியில்! இந்தக் கௌரவத்தைக் காண அவர் இல்லை.

அவர் கண்டது வேறு. 1821-ல் மெக்கன்ஸி இறந்தார். சேகரிப்பை 10,000 பவுனுக்குக் கும்பினி வாங்கிற்று. சேகரித்தவர்களின் கதி விலைப்பட்டியலில் இல்லை. அவர்கள் துரையின் ஆட்கள்தானே! விட்ட இடத்திலிருந்து தொடர அனுமதி தாருங்கள் என்று லட்சுமய்யா விண்ணப்பித்தார். கல்கத்தா ஆசியக் கழகம் 1836-ல் அதைப் பரிசீலித்தது. சுதேசி எவருக்குமே இந்தப் பணிக்கு வேண்டிய தகுதி போதாது என்பது அங்கே எழுந்த அபிப்பிராயம். பல வருஷம் அந்தப் பணியையே செய்தவருக்கு இந்தப் பதில்! வேலை பாதிரியார் வில்லியம் டெய்லரிடம் போயிற்று.

டெய்லர் ஆராய்ந்தவை எவை? லட்சுமய்யாவும் கூட்டாளிகளும் ஊர் ஊராய் அலைந்து கொண்டுவந்த அதே ஏடுகள். தென்னாட்டு மொழிச் சுவடிகள் இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. மெக்கன்ஸி சுவடிகள் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.