வெட்டும் குறியும்: கச்சேரி ஒலிப்பதிவின் கதை

முழு இசைத்தொகுப்பு ஒன்றை ஒரே கோப்பாகச் சேமித்துப் பிறகு பாட்டுப் பாட்டாகப் பிரிக்கும் வேலை கணினியோடு வந்தது என்றாலும், பாட்டை எங்கே வெட்டுவது என்னும் கேள்வி ஒலிப்பதிவுத் தொழிலோடு பிறந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தபோது, ஓர் இசைத்தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கியது. பாடி முடித்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஜெர்மனியின் ஹனோவரில் தட்டு அச்சிட்டவர்களுக்கு அது யார் பாட்டு என்று தெரிய வேறு வழியில்லை. பின்னாளில் மைசூர் அரசவைக்கு வந்து 1930இல் அங்கேயே மறைந்த அவருடைய அந்தக் குரல் அறிவிப்பே, இன்று கோப்பினுள் எழுதப்படும் பாடகர் பெயருக்கு முன்னோடி எனலாம்.

நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 சுற்றுச் சுழன்ற அத்தட்டுகள் கர்நாடக இசையை உண்மையாகவே வெட்டின. ஆலாபனை, அதாவது தாளமின்றி ராகத்தை விரித்துப் பாடும் பகுதி, ஓரிரு நிமிடங்களாகச் சுருங்கியது. நீண்ட உருப்படிகள் ‘பாகம் 1’, ‘பாகம் 2’ என்று தட்டின் இருபுறமும் பிரிந்தன. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் தந்த எல்.பி. தட்டில் நெருக்கடி தணிந்தது. அதில் ஊசி பதியும் பள்ளம் இரு பாட்டுகளுக்கு நடுவே அகன்று சுழன்றதால், எல்லை கண்ணுக்கே தெரிந்தது.

கேசட்டில் அந்த எல்லையும் இல்லை. பெங்களூரின் சாமராஜ்பேட்டையில் 1939 முதல் நடந்துவரும் ஸ்ரீ ராமசேவா மண்டலியின் ராமநவமிக் கச்சேரிகளைப் போன்ற நீண்ட கச்சேரி கேசட்டில் ஏறும்போது, பக்கத்துக்கு 30 அல்லது 45 நிமிடம் என்ற கணக்குக்குள் நிற்காது. நாடாவைத் திருப்பிப்போடும் கணத்தில், ஒரு வரியைப் பலவாறு விரித்துப் பாடும் நிரவலோ தாளக் கலைஞரின் தனி ஆவர்த்தனமோ அறுபடும். தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஈஜிபுரா போன்ற பெங்களூருப் பகுதிகளில் இன்றும் பரண்களில் கிடக்கக்கூடிய பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவோர் முதலில் சந்திப்பது இந்த அறுந்த முனைகளைத்தான்.

வெட்டாமலே பிரிக்கும் வழியைக் காட்டியது குறுந்தகடு. 1980இல் பிலிப்ஸும் சோனியும் வகுத்த விதிப்படி, தகட்டின் தொடக்கத்திலுள்ள பொருளடக்கம் 99 பாட்டுகள் வரை அவற்றின் தொடக்க நேரத்தைக் குறித்துவைக்கும்; இசையோ இடைவெளியின்றி ஓடலாம். அந்தப் பொருளடக்கத்தைச் சாதாரண எழுத்துக்கோப்பாக எழுதியதே ‘க்யூ ஷீட்’. ஒரு மாதிரியைக்கூட (சாம்பிள்) இழக்காமல் ஒலியைச் சுருக்கும் ஃப்ளாக் வடிவம் 2001இல் ஜோஷ் கோல்சனால் வெளிவந்தபின், முழுத்தகடு ஒரே ஃப்ளாக் கோப்பாகவும் அதன் எல்லைகள் க்யூ ஷீட்டாகவும் இணைந்து வாழத் தொடங்கின. அந்த ஃப்ளாக் கோப்பை மென்பொருள் பிரித்துத் தரும் துண்டுகளை மறுபடி ஒட்டினால் பழைய ஒலி அப்படியே கிடைக்கும். எம்பி3 இந்த வாக்குறுதியைத் தராது; துண்டின் முன்னும் பின்னும் அது சேர்க்கும் நுண்ணிய வெறுமை தொடர் இசையில் விக்கலாகக் கேட்கும். ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டியது: குறுந்தகட்டில் ஒரு நொடி 75 சட்டங்களாகவும் (ஃபிரேம்), ஒரு சட்டம் 588 மாதிரிகளாகவும் பகுக்கப்படுவதால், வெட்டு அந்தச் சட்டத்தின் விளிம்பில் விழாவிட்டால், மறுபடி தகட்டில் எழுதும்போது மீதி இடத்தை மௌனம் நிரப்பி, பாட்டின் முடிவில் சிறு ‘டிக்’ ஒலி எழக்கூடும்.

கணக்கு இவ்வளவு துல்லியமாக இருந்தும் கச்சேரியைப் பிரிக்கக் காதுதான் வேண்டும். மௌனத்தைத் தேடி எல்லை வகுக்கும் மென்பொருள்கள் இங்கே தோற்கின்றன. தம்பூரா ஓயாமல் ஒலிக்கிறது, கைதட்டல் ஒரு பாட்டின் முடிவிலிருந்து அடுத்ததன் சுருதி சேர்ப்பு வரை நீள்கிறது. ஆலாபனையையும் அதைத் தொடரும் கீர்த்தனையையும் பிரிப்பது இசைக்குச் செய்யும் அநீதி. கைதட்டலை அறவே நீக்குவது சபையையே அழிப்பது. க்யூ ஷீட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரு குறிகள் இடலாம் என்பது இங்கே பெரும் உதவி: கைதட்டலும் சுருதி சேர்ப்பும் ‘இண்டெக்ஸ் 00’இல் தங்க, ராகத்தின் முதல் பிடி ‘இண்டெக்ஸ் 01’இல் தொடங்குகிறது.