பார்பிக்யூ என்னும் பரண்

தணலில் வாட்டும் இறைச்சிக்குத் தூள் தடவுவதா, சாஸ் பூசுவதா என்ற பேச்சு இப்போது மலைநாட்டிலும் கேட்கிறது. நுவரெலியா விடுதிகளில் ‘பார்பிக்யூ இரவு’ என்று பலகை வைக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் பண்டிகைக்குத் தோட்டத்துக்கு வரும்போது கம்பி வலையும் கரியும் வாங்கி வந்து, லயத்து வாசலிலேயே கோழி வாட்டுகிறார்கள். நேற்று வந்த சொல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் தேயிலைக்கு முன்னரே அது இந்த மலைகளில் ஏறிவிட்டது. அப்போது அதற்கும் இறைச்சிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சொல்லின் பிறப்பிடம் கரீபியன் தீவுகள். அங்கே வாழ்ந்த தைனோ மக்களின் பேச்சிலிருந்து ஸ்பானியர் அதை ‘பார்பகோவா’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஒவியேடோ என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் 1526இல் அச்சிட்ட நூலில் அது வருகிறது. சோளக் கொல்லையில் கிளிகளை விரட்டச் சிறுவர்கள் ஏறி நிற்கும், கம்பும் மூங்கிலும் கட்டிய தட்டுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் எழுதும்போது, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தாங்கள் படுத்துறங்கிய கம்புச் சட்டத்தை இதே சொல்லால் குறிக்கிறார். காவலுக்கு ஏறவும், படுக்கவும், தானியம் வைக்கவும், அடியில் தீ மூட்டி மேலே மீனையும் இறைச்சியையும் உலர்த்தவும் அந்த ஒரே சட்டம் பயன்பட்டது. தினைப்புனத்தில் கிளி ஓட்ட ஏறிய தட்டையும், வீட்டில் சாமான் ஏற்றி வைக்கும் தட்டையும் பரண் என்று சொல்லும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பார்பகோவா என்றால் பரண்; அவ்வளவுதான்.

தாடியிலிருந்து வால்வரை முழு ஆட்டையும் வாட்டுவதால் பிரெஞ்சு மொழியில் ‘பார்ப் அ கியூ’ என்று பெயர் வந்தது என ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் சான்று ஏதும் இல்லை. அகராதிக்காரர்கள் அதை எப்போதோ தள்ளிவிட்டார்கள்.

சொல் நம் மலைக்கு வந்தது ஜமெய்க்கா வழியாக. அங்கே காப்பித் தோட்டங்களில் காப்பிக்கொட்டையைப் பரப்பிக் காயவைக்கும் மேடைக்கு பார்பிக்யூ என்று பெயர்; இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஜமெய்க்காவில் தொழில் பழகிய ராபர்ட் பாய்ட் டைட்லர் 1837இல் இலங்கைக்கு வந்து மேற்கிந்தியக் காப்பிப் பயிரிடும் முறையைப் பரப்பினார். அந்த முறையோடு அதன் பெயர்களும் வந்தன. தோல் நீக்கிக் கழுவிய கொட்டையைப் பரப்பி, நாள் முழுக்கக் கிளறி, மேகம் கறுத்தால் ஓடி அள்ளிக் குவித்து மூடுவது அந்த மேடைகளில் நடந்த வேலை. செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து காடும் மலையும் நடந்து வந்த நம் முன்னோர்கள். அப்படிக் காப்பி நட்ட பகுதிகளில் ஒன்று அம்பகமுவ; வட்டவளை இருப்பது அந்தப் பக்கம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும், இலங்கையிலேயே மிக ஈரமான ஊர்களில் ஒன்று. இத்தகைய இடத்தில் வெயிலை நம்பிக் காப்பி உலர்த்துவது எத்தனை பாடு என்பதை இங்கே துணி காயப்போட்டவர்கள் அறிவார்கள். 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி படுத்துவிட்டது. காப்பிக் காலத்து ‘ஸ்டோர்’ தேயிலை ஆலைக்குப் பெயராக நம் வாயில் தங்கிவிட்டது. பார்பிக்யூ தங்கவில்லை. தேயிலைக்கு வெயில் மேடை வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நம் மலைக்கு வந்தபோது அந்தச் சொல்லின் வேலை ஈரம் போக்குவதாக இருந்தது. ஜமெய்க்காவில் அதே மேடையில்தான் சர்வசுகந்திக் காயையும் உலர்த்துவார்கள். அந்தக் காய் இடிபட்டு மிளகாயோடு சேர்ந்து ‘ஜெர்க்’ இறைச்சிக்குத் தடவும் மசாலாவாகிறது. ஜெர்க் என்ற பெயரும் தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் உலர்ந்த இறைச்சியைக் குறிக்கும் ‘சார்கி’யிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் மெம்ஃபிஸ்காரர்கள் தூளுக்கும் கன்சாஸ் சிட்டிக்காரர்கள் சாஸுக்கும் பெயர் போனவர்கள். சாஸின் பெயரும் உப்பிட்டு உலர்த்துவதற்கு அந்நியமில்லை. லத்தீனில் ‘சால்சா’ என்றால் உப்பிட்டது என்று பொருள்.

பெயரே இடம் மாறிய கதையைப் பார்க்க வேண்டுமானால் ‘டெவல்’ போதும். அட்டன் கடைகளில் டெவல் கோழி கேட்டால் பெரிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளி, இடித்த செத்தல் மிளகாய் எல்லாம் சிவந்த சாஸில் பளபளக்க வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் காரமான வாட்டலுக்குப் பிசாசின் பெயரை வைத்தபோது நடந்தது வேறு. மிஞ்சிய கோழிக்காலைக் கீறி, கடுகுத்தூளும் காயென் மிளகாய்த்தூளும் உப்பும் அழுத்தித் தடவித் தணலில் காட்டினார்கள். உலர் டெவல், ஈர டெவல் என்று இரண்டும் அங்கே இருந்தன. இலங்கைக்கு வந்தபின் ஈரம் வென்றது. சீனச் சமையலின் சோயா சாஸும் சோளமாவும் அதற்குக் கைகொடுத்தன. டெவலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தாச்சியில் பிரட்டும் சமையல். அந்தச் சாஸைத் தணலுக்குக் கொண்டுபோவதுதான் பிழை.

காரணம் எளியது. மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை இறைச்சியின் சூடு 100 பாகையைத் தாண்டாது. சிவந்து மணக்க அதற்கு 140 பாகையாவது வேண்டும். உப்பும் மிளகும் மஞ்சளும் வறுத்த தூளும் தடவி வைத்தால் முதலில் இறைச்சி நீர் விடும். உப்பு அதில் கரைய, ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி உள்ளே திரும்பிவிடும், மேலே தூள் ஒட்டி நிற்கும். சாஸை முதலிலேயே பூசினால் அதிலுள்ள சீனி உள்ளே வேகுமுன் கருகிக் கசக்கும்.

தோட்டத்தில் இதற்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு: விறகு. கவ்வாத்து வெட்டிய மிலாறு நல்ல தணல் தரும், ஆனால் ஈர மிலாறு புகைந்தே கறியைக் கெடுத்துவிடும். மழை மாதங்களில் அதை அடுப்புக்கு மேலே ஏற்றி உலர்த்தி வைத்திருப்பவர்கள் மட்டும் வாட்டலாம். தூளை முந்தின இரவே தடவிவிடுங்கள். சாஸ் கட்டாயம் வேண்டும் என்பவர் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மெல்லிதாக ஒரு தடவை பூசி, புரட்டிப்போட்டு எடுத்துவிட வேண்டும்.